லாரி மோதினால் இழப்பீடு யார் தருவது?

நெடுஞ்சாலை விபத்துச் செய்திகள் அநேகமாக ஒரே மாதிரிதான் முடிகின்றன. லாரி டிரைவர் கைது. இறந்தவர் குடும்பத்துக்கு முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து சில லட்சம். போலீசார் விசாரித்து வருகின்றனர். படிப்பவருக்கு, கேஸ் நடக்கிறது, பணமும் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றும். கொஞ்ச நாளில் அந்த டிரைவர் ஜாமீனில் வந்து மறுபடி வண்டி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டால், சட்டம் என்று ஒன்று இருக்கிறதா என்று கோபம் வரும்.

'தப்பு யார் மேல்' என்பதும் 'பணம் யார் கட்டுவது' என்பதும் சட்டத்தில் வேறு வேறு கேள்விகள். லாரி விபத்தில் இரண்டுக்கும் ஒரே ஆள் பதிலாக இருப்பது அபூர்வம். பாதிக்கப்பட்ட குடும்பம் முதல் கேள்வியிலேயே மனசை வைத்திருக்கும். ஆனால் இழப்பீட்டின் பெரும்பகுதி கைநழுவுவது இரண்டாவது கேள்வியில்தான். அதுவும் பெரும்பாலும் காகிதம் இல்லாததால்.

அடிப்படைச் சட்டம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதில் 2019இல் பெரிய திருத்தம் வந்தது. இழப்பீடு தொடர்பான பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. கீழே வருவது இன்றைய நிலவரம்.

மூன்று பாதைகள், ஒன்றோடொன்று ஒட்டாதவை

1. குற்ற வழக்கு. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் டிரைவர் மேல் வழக்குப் பதிவாகும். அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ஜாமீனில் விடத்தக்க குற்றம். டிரைவர் சீக்கிரம் வெளியே வருவதற்குக் காரணம் அதுதான். விபத்தை ஏற்படுத்திவிட்டு தகவல் தராமல் ஓடினால் 10 ஆண்டு என்கிற 106(2) பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் லாரி டிரைவர்கள் போராடினார்கள். 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

2. அரசு நிவாரணம். முதலமைச்சர் நிதி, பிரதமர் நிதி இரண்டுமே கருணைத் தொகை. யாருடைய பொறுப்பையும் அது தீர்மானிக்காது. அதை வாங்கியதால் வழக்குப் போடும் உரிமை போகாது.

3. இழப்பீட்டு மனு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடுவது. சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம், மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்கள் இந்தத் தீர்ப்பாயமாகச் செயல்படுகின்றன. கோர்ட் வளாகத்தில் 'எம்.சி.ஓ.பி' என்று காதில் விழுவது இந்த மனுதான். சிவில் கோர்ட்டுக்கு இதில் அதிகாரம் இல்லை.

குற்ற வழக்கில் டிரைவர் விடுதலை ஆகிவிட்டால் மூன்றாவது பாதையும் மூடிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மூடாது. ஒருவரை ஜெயிலுக்கு அனுப்ப, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்கு, இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும் அளவுக்குச் சான்று இருந்தால் போதும். எஃப்.ஐ.ஆர், குற்றப்பத்திரிகை, நேரில் பார்த்த ஒருவரின் சாட்சி ஆகியவற்றை வைத்தே பெரும்பாலான மனுக்களில் டிரைவரின் கவனக்குறைவு முடிவாகிவிடுகிறது.

டிரைவர் தப்புக்கு ஓனர் ஏன் கட்ட வேண்டும்?

வேலைக்கு வைத்தவர், வேலையின் போக்கில் ஆள் செய்யும் தவறுக்குப் பொறுப்பு. இதைப் பிறர் செயலுக்கான பொறுப்பு என்பார்கள். லோடு ஏற்றி ஊர் சேர்ப்பது ஓனரின் தொழில். அதில் லாபம் அவருக்கு. அந்தத் தொழிலால் ரோட்டில் போகிறவருக்கு வரும் கேடும் அவர் கணக்கில்தான் சேரும். ஓனர் நாமக்கல்லில் தூங்கிக்கொண்டிருந்தார், விபத்து நாக்பூரில் நடந்தது என்பதெல்லாம் எடுபடாது.

சிக்கல், ஓனர் யார் என்பதில் ஆரம்பிக்கிறது. லாரித் தொழிலில் ஒரு வண்டிக்குப் பின்னால் நாலைந்து பேர் இருப்பார்கள்.

1. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். சட்டத்தின் பார்வையில் இவர்தான் உரிமையாளர். வண்டியை விற்று, பணம் வாங்கி, சாவியும் கொடுத்தாயிற்று. பெயர் மட்டும் மாற்றவில்லை என்றால் விபத்துக்குப் பொறுப்பு பழைய ஓனர் மேலேயே நிற்கும். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறியது என்று தேடி அலைவது பாதிக்கப்பட்டவர் வேலை இல்லை என்பது அதன் நியாயம். வண்டியை விற்றவர்கள் 'பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்' என்று நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

2. ஃபைனான்ஸ் கம்பெனி. ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு இருந்தாலும், ஒப்பந்தப்படி வண்டியை வைத்திருப்பவரையே சட்டம் உரிமையாளர் என்கிறது. டியூ கட்டுகிறவர்தான் பொறுப்பு. கடன் கொடுத்தவர் இல்லை.

3. வாடகைக்கு எடுத்து ஓட்டும் நிறுவனம். இங்கே கேள்வி, டிரைவர் யார் பேச்சைக் கேட்டு ஓடினார் என்பது. போக்குவரத்துக் கழகம் ஒன்று தனியார் பஸ்ஸை வாடகைக்கு எடுத்துத் தன் ரூட்டில், தன் கண்டக்டரோடு ஓட்டிய வழக்கில், கட்டுப்பாடு கழகத்திடம் இருந்ததால் பொறுப்பும் அதற்கே என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரே ஒரு நடைக்கு லாரி பிடித்துக் கொடுத்த புக்கிங் ஆபீஸையோ, சரக்கு அனுப்பிய ஆலையையோ இந்தத் தர்க்கத்துக்குள் கொண்டுவருவது கடினம்.

மனுவில் டிரைவர், ஆர்.சி. ஓனர், இன்ஷூரன்ஸ் கம்பெனி மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது வழக்கம். வண்டி யார் கையில் இருந்தது என்பதில் சந்தேகம் இருந்தால் அந்த ஆளையும் சேர்த்துவிடுவார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி எங்கே வருகிறது?

நடைமுறையில் பணம் வருவது இங்கிருந்துதான். மற்ற இருவர் பெயரும் தீர்ப்பில் இருக்கும், செக் கம்பெனியுடையதாக இருக்கும்.

வண்டிக்குச் சேதமானால் பணம் தருவது ஓன் டேமேஜ். அது ஓனரின் விருப்பம். ரோட்டில் மற்றவருக்கு வரும் கேட்டுக்கானது தர்ட் பார்ட்டி. அது இல்லாமல் வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது. சரக்கு வண்டிகளுக்கு இதன் பிரீமியம் மொத்த எடையைப் பொறுத்தது. 2022 ஜூனில் அமலான கட்டணப்படி 7.5 டன் வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 16,049 ரூபாய், 40 டன்னுக்கு மேற்பட்டதற்கு 44,242 ரூபாய், வரி தனி. அடுத்தவர் உடைமைக்கு வரும் சேதத்துக்கு 7.5 லட்சம் என்று உச்சவரம்பு உண்டு. மரணத்துக்கும் காயத்துக்கும் வரம்பே கிடையாது. 50 லட்சம் என்று தீர்ப்பு வந்தாலும் 2 கோடி என்று வந்தாலும் கம்பெனி முழுசாகக் கட்ட வேண்டும்.

அதனால்தான் கம்பெனியின் வக்கீல் விபத்து எப்படி நடந்தது என்பதைவிட வண்டியின் பேப்பர்களை அதிக அக்கறையோடு பார்க்கிறார். பாலிசி என்பது ஓனருக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். ஓனர் நிபந்தனையை மீறினார் என்று காட்டிவிட்டால் கம்பெனி கழன்றுகொள்ள முடியுமா என்பதுதான் தீர்ப்பாயத்தில் நடக்கும் உண்மையான சண்டை. சட்டம் அனுமதிக்கும் ஆட்சேபங்கள் குறைவு. வழக்கமாக வருபவை இவை:

1. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, போலி, அல்லது காலாவதி. 2004இல் உச்ச நீதிமன்றம் தந்த ஸ்வரண் சிங் தீர்ப்புதான் இதில் இன்றும் அடித்தளம். லைசென்ஸில் குறை இருப்பது மட்டும் போதாது. ஓனர் தெரிந்தோ அசட்டையாகவோ அந்த ஆளிடம் வண்டியைக் கொடுத்தார் என்பதைக் கம்பெனி நிரூபிக்க வேண்டும். லைசென்ஸைப் பார்த்து, வண்டியை ஓட்டச் சொல்லிப் பார்த்து வேலைக்குச் சேர்த்த ஓனர், ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் அது அசலா என்று விசாரித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2. லைசென்ஸ் வேறு வகை. கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சின்ன சரக்கு வண்டி ஓட்டினால் செல்லுமா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு முடித்துவைத்தது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்டால் இலகுரக வாகன லைசென்ஸே போதும், தனி அனுமதி வேண்டாம். குட்டி யானை ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. டாரஸ், டிப்பர், டிரெய்லருக்கு இது பொருந்தாது.

3. பெர்மிட் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் இதை அடிப்படையான மீறல் என்றே கருதியது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காலாவதி ஆன வண்டிகளிலும் கம்பெனிகள் இதே வாதத்தை வைக்கின்றன.

4. குடித்துவிட்டு ஓட்டினார். 2019 திருத்தம் இதைச் சட்டத்திலேயே ஓர் ஆட்சேபமாகச் சேர்த்தது.

5. பிரீமியமே வரவில்லை. ஓனர் கொடுத்த செக் திரும்பிவிட்டது, பாலிசியை ரத்து செய்து ஓனருக்குத் தெரிவித்தும் விட்டார்கள், அதற்குப் பிறகு விபத்து என்றால் கம்பெனி தப்பிக்கும். ரத்து செய்த தகவல் போய்ச் சேருவதற்கு முன்னால் விபத்து நடந்திருந்தால் தப்பிக்க முடியாது.

ஆட்சேபம் நிரூபணமானால் குடும்பம் வெறுங்கையோடு போகுமா என்றால், பெரும்பாலும் இல்லை. 'பே அண்ட் ரெக்கவர்' என்று ஓர் உத்தரவு உண்டு. கம்பெனி முதலில் குடும்பத்துக்குப் பணத்தைக் கட்டும். பிறகு ஓனரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். வசூல் ஆகிறதா இல்லையா என்பது கம்பெனியின் தலைவலி. ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி., லைசென்ஸ் நாலையும் சரியாக வைத்திராத ஒற்றை லாரி ஓனர் வீட்டையும் நிலத்தையும் விற்கும் நிலைக்குப் போவது இந்த வசூல் கட்டத்தில்தான்.

இன்ஷூரன்ஸே இல்லாத லாரி என்றால் நிலைமை மோசம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது: அப்படிப்பட்ட வண்டியை, ஓனர் போதிய பிணை கட்டாமல் விடுவிக்கக் கூடாது, மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். பழைய லாரியை ஏலம் விட்டால் என்ன வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

லாரிக்குள் இருந்தவர்களின் கதி

தர்ட் பார்ட்டி என்றால் ரோட்டில் இருந்தவர்கள். கேபினிலோ லோடு மேலோ உட்கார்ந்திருந்தவர்களுக்கு விதி வேறு.

சரக்கின் சொந்தக்காரர், அல்லது அவர் அனுப்பிய ஆள் என்றால் பாலிசியில் இடம் உண்டு. 1994 திருத்தம் அதைச் சேர்த்தது. தக்காளிக் கூடைகளோடு மார்க்கெட்டுக்குப் போகும் விவசாயி இதில் அடங்குவார். 'நம்ம ஊர் வண்டிதானே' என்று கை காட்டி ஏறியவர், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மினி லாரியில் கூட்டமாகப் போனவர்கள் அடங்க மாட்டார்கள். சரக்கு வண்டியில் ஓசிப் பயணிக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் நிலை. பே அண்ட் ரெக்கவர் உத்தரவு சில வழக்குகளில் வருகிறது. நம்பி இருக்க முடியாது. ஓனர் மேல் தீர்ப்பு கிடைக்கும், அவரிடம் பணம் இருந்தால் வரும்.

டிரைவரும் கிளீனரும் தொழிலாளர்கள். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வழியாகவும் போகலாம் (இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது), மோட்டார் வாகனச் சட்டம் வழியாகவும் போகலாம், இரண்டில் ஒன்றுதான். தொழிலாளர் சட்டத்தில் தொகை குறையலாம், ஆனால் யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தன் தவறாலேயே வண்டியைக் கவிழ்த்து இறந்த டிரைவரின் குடும்பம் அடுத்தவர் தவறைக் காட்டி இழப்பீடு கேட்கும் 166ஆம் பிரிவில் (மோட்டார் வாகனச் சட்டம்) மனுப் போட்டால் நிற்காது. அந்தக் குடும்பத்துக்குத் தொழிலாளர் சட்டம்தான் வழி.

'அவர் மேலயும் தப்பு இருக்கு'

பாதிக்கப்பட்டவரும் ஓரளவு காரணம் என்று தீர்ப்பாயம் கண்டால் அந்த விகிதத்தை இழப்பீட்டிலிருந்து கழிக்கும். 30 சதவீதத் தவறு என்றால் 30 சதவீதப் பணம் போகும். பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி வரிசையாக அடுக்கும். இவை தனித்தனி விதிமீறல்கள், அபராதம் போடலாம். விபத்துக்கே அவை எப்படிக் காரணம் என்று காட்டினால்தான் கழிக்க முடியும். லைசென்ஸ் இல்லாத ஒருவர் சரியான பக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது லாரி வந்து இடித்தால், லைசென்ஸ் இல்லாதது மட்டும் தவறில் பங்காகாது என்று 2008லேயே தீர்ப்பு இருக்கிறது.

நின்றுகொண்டிருந்த லாரி விபத்துகள் தனி ரகம். ராத்திரியில் பிரேக்டவுன் ஆன லாரியைப் பாதி ரோட்டில் நிறுத்தி, பின்னால் நாலு கல்லையும் ஒடித்த மரக்கிளையையும் போட்டுவிட்டு டிரைவர் மெக்கானிக்கைத் தேடிப் போயிருப்பார். பார்க்கிங் லைட் எரியாது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சேறு படிந்து தெரியாது. பின்னால் வந்த கார் மோதும். எஃப்.ஐ.ஆர். கார் டிரைவர் மேல் விழும், ஏனென்றால் மோதியது கார்தானே. இப்படி நடுரோட்டில் சிக்னல் இல்லாமல் நிறுத்தியிருந்த கேஸ் டேங்கரில் மோதிய ஒரு வழக்கில், கார் பக்கமும் பாதித் தவறு என்று உயர் நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைத்தது. எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சத்தில் டேங்கர் தெரிந்திருக்காது என்பதைக் கணக்கில் எடுத்து, முழுத் தவறும் டேங்கர் மேல்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

அந்த மாதிரி வழக்குகளில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது போலீஸ் வரையும் ரஃப் ஸ்கெட்ச்தான். தார் ரோட்டின் விளிம்பிலிருந்து லாரியின் பின் டயர் எத்தனை அடி உள்ளே இருந்தது, டயர் தேய்ந்த தடம் எவ்வளவு நீளம், தெருவிளக்கு எங்கே என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்டில் லைட் வேலை செய்ததா, எந்தப் பக்கம் நசுங்கியது என்பது இருக்கும். இந்த இரண்டு காகிதமும் சரியாக இல்லாவிட்டால் வக்கீல் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் திணறுவார்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று கூட்டுக் கவனக்குறைவு. லாரியும் பஸ்ஸும் மோதி, பஸ்ஸில் இருந்த பயணி இறக்கிறார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. அந்தக் குடும்பம் இரண்டு வண்டிகளில் எந்தத் தரப்பிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம். யார் எத்தனை சதவீதம் என்பதை அவர்களுக்குள் பிறகு பிரித்துக்கொள்ளட்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

எவ்வளவு கிடைக்கும்?

நீதிபதி மனம்போன போக்கில் போடுவது என்று நினைக்க வேண்டாம். மரண வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் வகுத்த கணக்கு முறை இருக்கிறது: 2009இல் சரளா வர்மா, 2017இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் பிரணய் சேத்தி. ஓர் உதாரணத்தைக் கடைசி வரை போட்டுப் பார்ப்போம். இறந்தவருக்கு 34 வயது, சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப், மாதம் 20,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என்று நம்பியிருந்தவர்கள் நாலு பேர்.

1. எதிர்கால உயர்வு. சுயதொழில், 40 வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம் சேர்க்க வேண்டும் (நிரந்தர வேலை என்றால் 50). 20,000 + 8,000 = 28,000.

2. சொந்தச் செலவு கழிவு. நம்பியிருந்தவர்கள் 2 முதல் 3 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, 4 முதல் 6 என்றால் நாலில் ஒரு பங்கு, அதற்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. கல்யாணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. இங்கே நாலில் ஒரு பங்கு போக 21,000.

3. ஆண்டுக்கு: 21,000 × 12 = 2,52,000.

4. பெருக்கெண். இறந்தவரின் வயதைப் பொறுத்தது. 15 முதல் 25 வயது வரை 18. 31 முதல் 35 வரை 16. 46 முதல் 50 வரை 13. 65க்கு மேல் 5. இங்கே 2,52,000 × 16 = 40,32,000.

5. உறவு இழப்பு. 2017இல் 40,000 என்று வைத்து, மூன்றாண்டுக்கு ஒரு முறை 10 சதவீதம் கூட்டச் சொன்னார்கள். 2023 கடைசியிலிருந்து அது 48,400. மனைவிக்கு மட்டுமில்லை, குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாக உண்டு என்று 2018இல் வந்தது. நாலு பேருக்கு 1,93,600.

6. சொத்து இழப்பு, ஈமச்சடங்கு: 15,000 ஆக இருந்தவை இப்போது தலா 18,150. இரண்டும் சேர்த்து 36,300.

மொத்தம் 42,61,900 ரூபாய். இதோடு மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி, ஆண்டுக்கு 7.5 சதவீதம் என்பது பல உத்தரவுகளில் பார்க்கக்கூடிய விகிதம். எல்.ஐ.சி. பணம் வந்திருந்தால் அதைக் கழிக்க மாட்டார்கள். அவர் கட்டிய பிரீமியத்துக்கு வந்த பணம் அது.

மாத வருமானம் 20,000 என்பதை நம்பாமல் தீர்ப்பாயம் 12,000 என்று எடுத்துக்கொண்டால், நாலாவது படியில் வந்த தொகை 24,19,200க்கு இறங்கிவிடும். 16 லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது, ஒரே ஒரு எண்ணால். வருமான வரிக் கணக்குக் கட்டாதவர்களுக்குத்தான் இந்த அடி. ஒர்க்‌ஷாப் வாடகை ரசீது, ஸ்பேர்பார்ட்ஸ் கடை பில், ஜிபே வரவு வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், சுய உதவிக்குழுக் கடன் தவணை கட்டிய பாஸ்புக் என்று எது கிடைத்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. ஒன்றுமே இல்லையென்றாலும் குறைந்தபட்சக் கூலியோடு நிறுத்திவிட வேண்டியதில்லை, சூழ்நிலையைப் பார்த்து நியாயமாக மதிப்பிடலாம் என்று 2021இல் ஒரு லாரி டிரைவரின் மரண வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இல்லத்தரசியின் வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்பதும் அதே ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் வருகிறது.

காயம் பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, வலி வேதனை எல்லாம் தனித்தனித் தலைப்பு. முக்கியமானது ஊனத்தின் அளவு. டாக்டர் சர்டிபிகேட்டில் 60 சதவீதம் என்று இருந்தால் வருமான இழப்பும் 60 சதவீதம் என்று அர்த்தமில்லை. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போயிற்று, அவருக்கு 100 சதவீதம். அதே கை போன அரசு குமாஸ்தாவுக்கு வேலை தொடரும் என்று 2011 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே உதாரணம் காட்டியது. ஆகவே சர்டிபிகேட் வாங்கினால் போதாது. என்ன வேலை செய்தார், இப்போது அதில் எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் கொண்டுவர வேண்டும்.

காலக்கெடு

இழப்பீட்டு மனுவுக்குக் காலவரம்பே இல்லாத நிலை 1994 முதல் இருந்தது. 2019 திருத்தம் அதை மாற்றி, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்றது. ஐ.சி.யூ.வில் இரண்டு மாதம், வீட்டில் படுக்கையில் மூன்று மாதம் என்று போகும் குடும்பத்துக்கு 6 மாதம் எப்படிப் போதும் என்று கேட்டு வழக்குகள் போயின. அவை முடியும் வரை, தாமதம் என்ற காரணத்தால் மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம். 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. தாங்கள் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

போலீசுக்கும் கெடு உண்டு. 2022 முதல் அமலில் உள்ள விதிகளின்படி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை என்று தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் ஏஜென்ட்டுகளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் 30 நாளில் தன் தொகையைச் சொல்ல வேண்டும். சொல்லும் தொகை பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு விசாரணைக்குப் போகலாம்.

சிகிச்சைக்குப் பணம் இதற்கெல்லாம் காத்திருக்காது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் அறிவித்த மத்தியத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

இரண்டு குறுக்கு வழிகள், ஒரு பொறி

மோதிய வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் அரசு நிதியிலிருந்து மரணத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000. 2022க்கு முன்பு இது 25,000, 12,500 என்று இருந்தது. தாலுகா அளவில் வருவாய்த் துறை அதிகாரி விசாரிப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார். பிறகு வண்டி பிடிபட்டு இழப்பீடு கிடைத்தால் இந்தத் தொகையைத் திருப்ப வேண்டும்.

வண்டி தெரியும், ஆனால் தவறை நிரூபிக்க முடியாது என்றால் 164ஆம் பிரிவு. யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல் மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம்.

பொறி இங்கேதான் இருக்கிறது. 164இன் கீழ் கம்பெனி தரும் தொகையை ஏற்றுக்கொண்டால், 166இல் போட்ட மனு அதோடு காலாவதி ஆகிவிடும். மேலே பார்த்த 42 லட்ச ரூபாய்க் குடும்பம், சடங்குச் செலவுக்கும் வட்டிக் கடனுக்கும் பயந்து 5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டால் மீதி போனது போனதுதான். லோக் அதாலத்தில் பேசி முடிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: சீக்கிரம் முடியும், ஆனால் மேல்முறையீடு கிடையாது. முன்கூட்டியே ஒரு முறை கணக்கைப் போட்டு, தன் தொகை சுமாராக எவ்வளவு என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான் பேரம் பேரமாக இருக்கும்.

தீர்ப்பு வந்த பிறகு

90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், 'சி.எம்.ஏ' என்பார்கள். தொகை குறைவு என்று குடும்பமும் போகலாம், அதிகம் என்று கம்பெனியும் போகலாம். பணம் கட்ட வேண்டியவர் மேல்முறையீடு செய்ய, சட்டப்படி 25,000 ரூபாய் அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். ஆனால் தீர்ப்பை நிறுத்திவைக்கக் கேட்டால் பெரும் பங்கை டெபாசிட் செய்யச் சொல்வது நீதிமன்ற வழக்கம். அந்த டெபாசிட்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்டுக் குடும்பம் மனுப் போடலாம்.

கட்டாமல் இழுத்தால் தீர்ப்பாயம் கலெக்டருக்குச் சான்று அனுப்பி நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்ல முடியும். பணத்தை நேரடியாகப் பயனாளியின் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மைனர் குழந்தைகளின் பங்கு 18 வயது வரை வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும். அதன் வட்டியை வளர்ப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்ளவும், படிப்புக்குத் தேவைப்பட்டால் அசலில் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுக்கவும் தீர்ப்பாயத்திடம் தனியே அனுமதி வாங்க வேண்டும்.